இடிபாட்டைத் தொடாமல் எழுந்த ஆலயம்: பெர்லின் கெய்சர் வில்ஹெல்ம் நினைவு ஆலயம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

பெர்லின் மாநகரின் மேற்குப் பாதியில், குர்ஃபூர்ஸ்டென்டாம் என்னும் புகழ்பெற்ற கடைவீதி தொடங்கும் இடத்தில், ப்ரைட்ஷைட் சதுக்கத்தின் நடுவே கெய்சர் வில்ஹெல்ம் நினைவு ஆலயம் நிற்கிறது. அந்த ஒரே பெயருக்குள் இரண்டு காலத்துக் கட்டடங்கள் அடங்கியுள்ளன. 1895இல் பிரதிஷ்டை செய்யப்பட்டு 1943இல் குண்டுவீச்சில் சிதைந்த பழைய ஆலயத்தின் கோபுரம் ஒன்று. அதன் இருபுறமும் 1959 முதல் 1963 வரை எழுப்பப்பட்ட நான்கு புதிய கட்டடங்கள் மற்றொன்று. இரண்டும் இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஆனால் இது அருங்காட்சியகம் அன்று. சீர்திருத்தத் திருச்சபையைச் (புராட்டஸ்டன்ட்) சேர்ந்த ஒரு வட்டாரச் சபையின் ஆலயமாகவே இது இன்றும் இயங்குகிறது. ஞாயிறுதோறும் இங்கு ஆராதனை நடக்கிறது, திருமுழுக்கும் நடக்கிறது.

சிதைந்த கோபுரமும் நீலக் கண்ணாடி ஆலயமும் அருகருகே நிற்பதைப் பார்க்கிறவர்கள், போரையும் சமாதானத்தையும் ஒருசேர நினைவூட்டத் தொடக்கத்திலேயே இப்படித் திட்டமிட்டிருப்பார்கள் என்று எண்ணுவது இயல்பு. நடந்தது அதுவன்று. போட்டியில் வென்ற வரைபடத்தில் அந்தக் கோபுரத்துக்கு இடமே இல்லை. கட்டடக் கலைஞர் இடிக்கச் சொன்னார், நகரத்தார் மறுத்தனர், இடையில் அகப்பட்ட ஆலய நிர்வாகம் இருவருக்கும் முழுமையாகப் பிடிக்காத ஒரு தீர்வைத் தேர்ந்தது. அந்தத் தீர்வு எவ்வாறு உருவாயிற்று, கட்டடத்தின் வடிவத்தை அது எவ்வாறு மாற்றியது, அதன் சுமையை இன்று யார் தாங்குகிறார்கள் என்பவற்றைக் கால வரிசையில் பதிவு செய்வதே இவ்வாய்வின் நோக்கம். பொது ஆவணங்களில் இடம்பெற்ற கலைஞர்கள், திருச்சபைத் தலைவர்கள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் இங்கே தரப்படுகின்றன. நிர்வாகக் குழுவினரும் கடிதம் எழுதிய குடிமக்களும் பெயரின்றியே வருகின்றனர்.

பின்னணி: 1891 முதல் 1943 வரை

ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், தம் பாட்டனார் முதலாம் வில்ஹெல்மின் நினைவாக இந்த ஆலயத்தைக் கட்டுவித்தார். பாட்டனாரின் பிறந்த நாளான மார்ச் 22 அன்று, 1891இல், அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் என்ற கட்டடக் கலைஞர் ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பிய பாணியைப் பின்பற்றி இதை வடிவமைத்தார். 113 மீட்டர் உயர்ந்த அதன் முதன்மைக் கோபுரம் அக்காலத்தில் நகரின் மிக உயர்ந்த கோபுரமாக இருந்தது. 1895 செப்டம்பர் 1 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அந்தத் தேதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மறுநாள் செடான் தினம். 1870இல் பிரெஞ்சுப் படையைச் செடானில் தோற்கடித்ததைப் பேரரசு ஆண்டுதோறும் கொண்டாடிய நாள் அது. முதலாம் வில்ஹெல்ம் பேரரசராக அறிவிக்கப்பட்டது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில், 1871இல். ஆகவே இந்த ஆலயம் தொடக்கத்திலிருந்தே வழிபாட்டுக்கும் அரச குலப் பெருமைக்கும் சேர்த்துக் கட்டப்பட்ட ஒன்று. நுழைவு மண்டபத்தின் கூரையில் ஹோஹென்ஸாலர்ன் குலத்து மன்னர்களும் இளவரசர்களும் ஊர்வலமாகச் செல்லும் மொசைக் சித்திரம் இன்றும் எஞ்சியிருக்கிறது. கலை விமரிசகர்கள் பலருக்கு இந்த ஆலயத்தின் மீது பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆடம்பரமும் பழமையின் போலியும் கலந்தது என்றே கருதினர்.

1943 நவம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் வரை நீடித்த விமானத் தாக்குதலில் ஆலயம் தீப்பற்றி எரிந்தது. கூரை சரிந்தது, முதன்மைக் கோபுரத்தின் கூம்பு முனை முறிந்தது. 113 மீட்டரில் எஞ்சியது சுமார் 70 மீட்டர். அதன் உச்சி பிளந்த பல்லைப் போலிருந்ததால், பெர்லின்வாசிகள் அதற்குச் 'சொத்தைப் பல்' என்று பெயரிட்டனர்.

இடிபாடு நின்ற ஆண்டுகள்

போருக்குப் பின் ஆலய நிர்வாகத்தின் முதல் விருப்பம் பழைய ஆலயத்தை மீண்டும் கட்டுவதுதான். பணமும் இல்லை, அனுமதிக்கான சூழலும் இல்லை, ஆண்டுகள் ஓடின. இதற்குள் சுற்றுப்புறம் மாறத் தொடங்கியிருந்தது. அரச குடும்பத்தாரின் பெயரைத் தாங்கியிருந்த சதுக்கத்துக்கு, புக்கென்வால்ட் வதைமுகாமில் உயிரிழந்த சமூக ஜனநாயகத் தலைவர் ருடால்ஃப் ப்ரைட்ஷைட்டின் பெயர் 1947இல் சூட்டப்பட்டது. பக்கத்தில் புதிய அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. ஆலயம் நின்ற மேடு நாற்புறமும் வாகனங்கள் ஓடும் ஒரு தீவாயிற்று. உடைந்த மதில்கள் சரிந்து விழும் அபாயம் இருந்ததால் 1956இல் பலிபீடப் பகுதி இடித்து அகற்றப்பட்டது.

இவ்வாறு ஒவ்வொரு பகுதியாக நீங்கிக்கொண்டிருக்க, முறிந்த முதன்மைக் கோபுரமாகிய மேற்குக் கோபுரம் மட்டும் நின்றது. நகரம் அந்நாட்களில் நான்கு வல்லரசுகளின் ஆளுகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அரண்மனை, பேராலயம், பழைய பல்கலைக்கழகம் என வரலாற்று மையம் முழுவதும் கிழக்கில், சோவியத் பகுதிக்குள் இருந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு 1950இல் அந்த அரண்மனையை வெடி வைத்துத் தகர்த்தது. மேற்குப் பகுதியில் வாழ்ந்தோருக்கு, 'பழைய பெர்லின்' என்று விரல் நீட்டிக் காட்ட எஞ்சிய அடையாளங்களில் இந்த முறிந்த கோபுரம் முதன்மையானதாயிற்று. முழுதாக நின்ற காலத்தில் அவ்வளவாகப் போற்றப்படாத ஒரு கட்டடம், உடைந்த பின்னர் நேசிக்கப்பட்டது. பின்னால் வந்த சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்த முரண் இன்றியமையாதது. நிர்வாகமும் நடுவர் குழுவும் அதை உரிய நேரத்தில் உணரவில்லை என்பதே என் கணிப்பு.

போட்டி: 1957

புதிய ஆலயத்துக்கான வடிவமைப்புப் போட்டியின் முடிவு 1957 மார்ச் மாதம் வெளியாயிற்று. வென்றவர் எகோன் ஐயர்மான். பெர்லினில் ஹான்ஸ் பொயல்ஸிகிடம் பயின்று, அப்போது கார்ல்ஸ்ரூஹே நகரில் பேராசிரியராக இருந்தவர்; எஃகையும் கண்ணாடியையும் மிகையின்றித் துல்லியமாகக் கையாள்பவர் என்று பெயர் பெற்றவர். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் அவர் கட்டிய மத்தேயு ஆலயத்தில், கான்கிரீட் கட்டங்களுக்குள் வண்ணக் கண்ணாடியைப் பதித்து முழுச் சுவரையும் அமைக்கும் முறையை முன்பே முயன்று பார்த்திருந்தார். பெர்லினில் விரிவடைந்த எண்ணத்தின் விதை அங்கே இருக்கிறது.

அவருடைய பெர்லின் வரைபடத்தில் இடிபாடு முழுவதும் அகற்றப்பட்டு, வெற்றிடத்தில் புதிய ஆலயமும் புதிய மணிக்கூண்டும் எழுந்தன. அவர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. வழிபாட்டுக்கான இடம் தேவைப்பட்ட ஒரு சபைக்கு, நெருக்கடியான சாலைத் தீவின் நடுவில், பயன்படுத்த இயலாத ஒரு கற்குவியலைச் சுற்றிக் கட்டச் சொல்வது எந்த வடிவமைப்பாளருக்கும் எளிதன்று. பேரரசரின் பெருமைக்காக எழுப்பப்பட்ட கோபுரத்தைப் போருக்குப் பிந்தைய ஜனநாயக ஜெர்மனி ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வியும் இருந்தது. அதே 1957இல்தான் பெர்லினின் ஹன்ஸா வட்டாரத்தில் பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி நடந்தது. ஐயர்மான் அங்கும் ஒரு குடியிருப்பைக் கட்டினார். புதுமையின் மீது துறையினர் கொண்ட நம்பிக்கை உச்சத்தில் இருந்த ஆண்டு அது. நடுவர் குழுவும் அந்தக் காற்றையே சுவாசித்தது.

முடிவு வெளியானதும் எதிர்ப்பு வெடித்தது. நாளிதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. மிகப் பெரும்பாலானோர் கோபுரத்தை இடிக்கக் கூடாது என்றனர். எதிர்த்தவர்கள் பழைமைவாதிகள் மட்டுமல்லர் என்பதைக் குறிப்பிட வேண்டும். மன்னராட்சியை விரும்பாதவர்களும், அந்த ஆலயத்தில் ஒருநாளும் கால் வைக்காதவர்களும் எதிர்த்தனர். ஆலயத்தைப் பழையபடி கட்டித்தாருங்கள் என்பதும் அவர்களில் பெரும்பாலோரின் வேண்டுகோள் அன்று. முறிந்தது முறிந்தபடியே நிற்கட்டும் என்பதுதான் அது. குண்டுவீச்சில் வீட்டையும் உறவுகளையும் இழந்த நகரத்தில், இழப்புக்குச் சாட்சியாக நிற்கும் ஒரே பெரிய பொருளையும் துடைத்துவிட்டால் நடந்ததை யாரிடம் காட்டுவது என்ற அச்சம் அதன் உள்ளே இருந்ததாகவே தோன்றுகிறது.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

நிர்வாகத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. வென்ற வரைபடத்தை அப்படியே நிறைவேற்றலாம். நகரத்தின் கோபத்தைச் சுமந்துகொண்டு ஒரு சபை புதிய ஆலயத்தில் குடியேற வேண்டியிருக்கும். போட்டியை ரத்து செய்து வேறொருவரை நாடலாம். அது மேலும் பல ஆண்டுகளை விழுங்கும். மூன்றாவது, அதே கலைஞரைக் கொண்டே கோபுரத்தை விட்டுவைத்து மறுபடி வரையச் செய்வது.

மூன்றாவது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐயர்மான் அதை உவந்து ஏற்றவர் அல்லர். பலமுறை திருத்தி வரைந்த பின்னரே இறுதி வடிவம் கிடைத்தது. அவர் விலகிக்கொள்ளாமல் நின்றதும், நின்றபோது கோபுரத்தை ஓர் ஒட்டாகக் கருதி மறைக்க முயலாமல் முழு அமைப்பின் மையமாக ஏற்றுக்கொண்டதும், இந்த நிகழ்வின் போக்கைத் தீர்மானித்தன. மேற்குக் கோபுரம் தவிர மற்ற எச்சங்கள் நீங்கின. கோபுரத்துக்கு மேற்கே எண்கோண வடிவ ஆலயம், கிழக்கே அறுகோண மணிக்கூண்டு, இவற்றுடன் தாழ்வான ஒரு சிற்றாலயமும் ஒரு முகப்பு மண்டபமும் என நான்கு கட்டடங்கள், சாலை மட்டத்திலிருந்து படிகளால் உயர்த்தப்பட்ட ஒரே மேடையில் அமைந்தன.

இதில் முதன்மையான முடிவு ஒன்று உண்டு. புதிய கட்டடம் எதுவும் பழைய கோபுரத்தைத் தொடுவதில்லை. இணைப்புப் பாதை இல்லை, ஒட்டுச் சுவர் இல்லை, பழைய வளைவைப் புதிய கட்டடம் எங்கும் போலி செய்யவுமில்லை. ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பேஸில் ஸ்பென்ஸ் கட்டிய பேராலயத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே, ஜெர்மானியக் குண்டுகளால் எரிந்த பழைய பேராலயத்தின் இடிபாட்டைக் காப்பது கலைஞரே விரும்பிய வழி. உயரமான ஒரு தாழ்வாரம் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டிப் பிணைக்கிறது. பெர்லினில் இரண்டுக்கும் இடையே காற்று மட்டுமே இருக்கிறது. உடன்பாடில்லாத இருவர் ஒரே மேடையில் நின்றால் எப்படியோ அப்படி. மனம் ஒப்பாமல் வரைந்தவரின் தயக்கம் அந்த இடைவெளியாக உருப்பெற்றது என்று கருத இடமுண்டு. அந்த இடைவெளிதான் இந்த அமைப்பை நேர்மையானதாக ஆக்குகிறது என்பேன்.

1959 மே 9 அன்று அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1961 ஆகஸ்ட் 13 அன்று நகரத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. அதற்கு நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பர் 17 அன்று, பேராயர் ஓட்டோ டிபேலியுஸ் புதிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

கட்டடத்தில் காணப்படுபவை

எண்கோண ஆலயத்தின் விட்டம் 35 மீட்டர், உயரம் 20.5 மீட்டர், கூரை தட்டை. மணிக்கூண்டின் உயரம் 53.5 மீட்டர். அதாவது, புதிய கூண்டு பழைய முறிந்த கோபுரத்தைவிடத் தாழ்வானது. வெளியே நின்று பகலில் பார்த்தால் ஆலயம் அழகாகத் தோன்றாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இருண்ட எஃகுச் சட்டங்களுக்குள் தேன்கூட்டைப் போலச் சதுரச் சதுரமாகச் சாம்பல் நிறக் கான்கிரீட்; கண்ணாடி கறுத்துக் கிடக்கும். வாகனப் புகை படிந்த ஒரு கிடங்கு என்று நினைத்துக் கடந்துவிடவும் கூடும். நகரத்தார் தம் வழக்கப்படி புதிய இரண்டுக்கும் 'பவுடர் டப்பாவும் உதட்டுச் சாயமும்' என்று பெயர் வைத்தனர்.

கதவைத் தாண்டி உள்ளே சென்றதும் நிலைமை தலைகீழாகிறது. எட்டுப் பக்கமும் தரையிலிருந்து கூரை வரை நீலம். 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகங்கள் சுவர்களாகவே நிற்கின்றன. அவற்றை உருவாக்கியவர் பிரான்சின் ஷார்த்ர் நகரை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த கேப்ரியல் லுவார். பழைய முறை வண்ணக் கண்ணாடியில் மெல்லிய தகடுகளை ஈயப் பட்டையால் இணைத்து உருவங்களை வரைவார்கள். லுவார் கையாண்டது வேறு முறை. ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனுள்ள கண்ணாடிக் கட்டிகளைச் சுத்தியலால் தட்டி உடைத்து, அந்த ஒழுங்கற்ற துண்டுகளைக் கான்கிரீட்டில் பதிப்பது அது. உடைந்த விளிம்புகளில் ஒளி சிதறுவதால் ஒரே நீலம் நூறு நீலங்களாகத் தெரியும். இடையிடையே மாணிக்கச் சிவப்பும் மரகதப் பச்சையும் மஞ்சளும் தெறிக்கும். சித்திரமில்லை, புனிதர் உருவமில்லை, விவிலியக் காட்சியுமில்லை. ஷார்த்ர் பேராலயத்தின் இடைக்கால நீலக் கண்ணாடியை அறிந்தவர்களுக்கு இந்த நிறத்தின் பூர்வீகம் விளங்கும்.

பிரான்சை வென்ற பேரரசரின் பெயரில், அந்த வெற்றி விழாவுக்கு முந்தைய நாளில் திறக்கப்பட்ட ஆலயம், பிரெஞ்சுக் கைவினைஞரின் பட்டறையில் உடைத்துப் பதித்த கண்ணாடியால் மறுபிறவி எடுத்திருக்கிறது. 1961இல் இது சிறிய செய்தியன்று. ஆயினும், சமாதானச் செய்திக்காக மட்டுமே லுவாரை அழைத்தார்கள் என்று எளிமைப்படுத்தக் கூடாது. அந்தத் தொழில்நுட்பத்தில் தேர்ந்த கை அங்கே இருந்தது.

இந்தக் கட்டடத்தில் பிற துறையினரும் பாடமாகக் கொள்ளத்தக்கது சுவரின் குறுக்கு வெட்டு. கண்ணாடிச் சுவர் ஒன்றல்ல, இரண்டு: வெளிச்சுவர் ஒன்று, உட்சுவர் ஒன்று, இரண்டுக்கும் நடுவே 2.45 மீட்டர் இடைவெளி. சதுக்கத்தை ஒட்டி ஓடும் வாகனங்களின் இரைச்சல் இந்த இடைவெளியில் அடங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்குத் தாம் நகரத்தின் மிகப் பரபரப்பான முனையில் அமர்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அதே இடைவெளியில் விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே மாலை இருண்ட பிறகும் உட்சுவர் பகல்போல் நீலமாக ஒளிர்கிறது. அதே நேரத்தில் வெளிச்சுவரும் ஒளிர்ந்து, பகலில் கறுத்துக் கிடந்த கட்டடம் இரவில் சதுக்கத்துக்கே விளக்காகிறது. இரைச்சலைத் தடுக்க வேண்டும், இரவு ஆராதனைக்கு ஒளி வேண்டும், வெளியே நகரத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் ஒரே வெற்றிடம் நிறைவேற்றுகிறது. சாலைத் தீவு என்ற இடர்ப்பாடு இல்லாதிருந்தால் இந்த இரட்டைச் சுவருக்குத் தேவையே எழுந்திருக்காது.

உள்ளே அலங்காரம் குறைவு. பலிபீடத்துக்கு மேலே, கார்ல் ஹெம்மெட்டர் வடித்த கிறிஸ்துவின் உருவம் கைகளை விரித்தபடி நீலச் சுவரின் முன் மிதக்கிறது; 4.6 மீட்டர் உயரம், பொன்னிறமான செப்புக் கலவை உலோகம். நாற்காலிகள் வரையில் ஐயர்மானே வடிவமைத்தார். நீண்ட மர இருக்கைகளுக்குப் பதிலாகத் தனித்தனி நாற்காலிகள் இடப்பட்டன.

சுவரோரம் ஒரு தாள் தொங்குகிறது. ஸ்டாலின்கிராட் முற்றுகையில் சிக்கியிருந்த ஜெர்மானிய மருத்துவரும் போதகருமான கூர்ட் ராய்பர், 1942 கிறிஸ்துமஸின்போது ஒரு ரஷ்ய வரைபடத்தின் பின்புறத்தில் கரித்துண்டால் வரைந்த தாயும் சேயும் அது. 'ஒளி, வாழ்வு, அன்பு' என்ற சொற்கள் ஓரத்தில் எழுதப்பட்டுள்ளன. அவர் போர்க் கைதியாகவே இறந்தார். அந்தச் சித்திரம் 1983இல் இந்த ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது.

அதன் பின் நிகழ்ந்தவை

முதல் இருபது ஆண்டுகளில் சதுக்கம் மேற்கு பெர்லினின் நடுமுற்றமாக ஆயிற்று. 1965இல் எதிரே யூரோப்பா சென்டர் என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. சுவரால் சூழப்பட்ட நகரத்துக்கு வந்த ஒவ்வொரு விருந்தினரும் இந்த ஆலயத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டனர். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கோபுரமும், வேண்டாவெறுப்பாக அதைச் சுற்றி வரையப்பட்ட புதிய கட்டடங்களும், ஒன்றில்லாமல் மற்றதை நினைத்துப் பார்க்க முடியாதபடி ஒரே உருவமாயின.

1987இல் கோபுரத்தின் தரைத்தளத்தில் இருந்த பழைய நுழைவு மண்டபம் நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. மன்னர்களின் மொசைக் ஊர்வலத்துக்குக் கீழே இப்போது கோவென்ட்ரியிலிருந்து வந்த ஆணிச் சிலுவை இருக்கிறது. ஜெர்மானியக் குண்டுகளால் எரிந்த அந்தப் பேராலயத்தின் கூரை ஆணிகளால் செய்யப்பட்டது அது. சிதைந்த நிலையில் மீட்கப்பட்ட பழைய பலிபீடத்துக் கிறிஸ்து சிலையும் அங்கே உள்ளது. முப்பது ஆண்டுகள் எந்தப் பயனும் இல்லாமல் நின்ற இடிபாடு, அப்போதுதான் உள்ளே சென்று நிற்கக்கூடிய இடமாயிற்று. 1957இல் கடிதம் எழுதியவர்கள் கேட்டது கோபுரத்தின் வெளித்தோற்றத்தை மட்டுமே. அதற்கு உள்ளடக்கம் கிடைக்க ஒரு தலைமுறை பிடித்தது.

பராமரிப்பு

இடிபாட்டைக் காப்பது, கட்டடத்தைக் காப்பதைவிடக் கடினம். கூரையுள்ள கட்டடம் மழையைத் தானே வழித்துவிடும்; உச்சி பிளந்த கோபுரத்தில் நீர் கல்லின் இணைப்புகளுக்குள் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். இடிபாடு இடிபாடாகவே தோன்ற வேண்டும், ஆனால் ஒரு கல்கூடக் கீழே விழக் கூடாது. பழுதை மறைக்காமல் பழுது பார்க்க வேண்டும் என்பதே வேலையின் இலக்கணம்.

2010இல் தொடங்கிய பணியில் கோபுரம் பெரிய அளவில் செப்பனிடப்பட்டது. பல மில்லியன் யூரோ செலவான அந்தப் பணிக்குப் பொது நிதியோடு நன்கொடையும் திரட்ட வேண்டியிருந்தது. வேலை நடந்த காலம் முழுவதும் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வெண்ணிறத் தகடுகளால் மூடியிருந்தனர். சதுக்கத்துக்கு வந்த பயணிகள் பலர், ஓர் உயர்ந்த அலுவலகக் கட்டடம் போலிருந்த அந்த உறையின் எதிரே நின்றுகொண்டே, கோபுரம் எங்கே என்று கேட்டார்கள்.

புதிய கட்டடங்களின் சிக்கல் வேறு வகையானது. 1950, 60களின் மெல்லிய கான்கிரீட் கட்டடங்களுக்கு ஒரு பொது நோய் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் கம்பிக்கு அது தரும் காப்பை நீக்கிவிடுகிறது. பின்னர் ஈரம் சேரும்போது கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, மேற்பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. பருத்த தூணில் அதைச் சீர்செய்வது எளிது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு சதுரங்களுக்குள் கையால் உடைத்த கண்ணாடி பதிந்திருக்கும் சட்டத்தில், கான்கிரீட்டைத் தொடுவதென்றால் கண்ணாடியையும் தொட வேண்டியிருக்கும். கட்டியவருக்குப் புதுமையாக இருந்த முறை, காப்பவருக்கு நுணுக்கமான கைவேலையாக வந்து சேர்கிறது.

ட்ரெஸ்டன் நகரின் ஃபிராவென் ஆலயத்தோடு ஒப்பிடுவது இங்கே பயனுள்ளது. 1945இல் சரிந்த அந்த ஆலயமும் பல பத்தாண்டுகள் இடிபாடாகவே நினைவுச்சின்னமாய்க் கிடந்தது. 1994இல் மறுகட்டுமானம் தொடங்கி 2005இல் மீண்டும் பிரதிஷ்டை ஆயிற்று. கறுத்த பழைய கற்கள் புதிய வெளிர் கற்களுக்கிடையே தெரிந்தாலும் இடிபாடு மறைந்துவிட்டது. பெர்லினில் அப்படியொரு கோரிக்கை வலுப்பெற வழியில்லை. பழையதை முழுமையாக்க வேண்டுமானால், அதே அளவு பாதுகாப்புப் பெற்ற ஐயர்மானின் கட்டடங்களை அகற்றியாக வேண்டும். தாம் இடிக்க விரும்பிய கோபுரத்துக்கு அவருடைய கட்டடங்களே இன்று அரணாக நிற்கின்றன.

பாதுகாக்கப்பட்ட படியில் ஒரு விரிசல்

2016 டிசம்பர் 19 அன்று, ஆலயத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒரு பயங்கரவாதி கனரக லாரியை ஓட்டிச் சென்றான். பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். காயங்களின் விளைவால் மேலும் ஒருவர் 2021இல் இறந்தார்.

நினைவிடம் அமைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எங்கே, எவ்வாறு என்பதே கேள்வி. ஏற்கனவே இரண்டு காலத்து நினைவுகள் நெருங்கி நிற்கும் மேடையில் மூன்றாவது தூணோ கல்லோ எழுப்பினால் ஒன்றை ஒன்று மறைக்கும். பாதுகாக்கப்பட்ட மேடையின் அமைப்பையும் குலைக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் தரையோடு தரையாக இருந்தது. ஆலய மேடைக்கு ஏறும் படிகளின் ஊடே ஒரு விரிசல் ஓடுகிறது. அது பொன்னிற உலோகக் கலவையால் நிரப்பப்பட்டுள்ளது. படிகளின் முகப்பில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சரியாக ஓராண்டுக்குப் பின், 2017 டிசம்பர் 19 அன்று, அது திறக்கப்பட்டது. படியேறுபவர்கள் அதை மிதித்தும் தாண்டியும் செல்கிறார்கள். சந்தையும் அதன் பக்கத்திலேயே நடக்கிறது. பாதுகாப்புச் சட்டத்தைக் கண்மூடித்தனமாகப் பிடித்திருந்தால் படியில் கை வைத்திருக்க முடியாது. கட்டடத்தின் இயல்பே உடைவைக் காட்டி நிற்பது என்பதைப் புரிந்துகொண்டதால் அனுமதி பொருந்தி வந்தது.

மீண்டும் செய்ய நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

முதலாவது, வரிசை. கோபுரம் நிற்குமா நீங்குமா என்பதைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை வரைபடங்களின் போக்கில் விட்டதால், ஒரு கலைஞரின் வெற்றியே அவருக்கு எதிரான தீர்ப்பாக மாறியது. மறுவரைவில் காலமும் நல்லெண்ணமும் செலவாயின. விளைவு நன்றாக அமைந்தது என்பதைக் கொண்டு அந்த வரிசையை நியாயப்படுத்த இயலாது. ஐயர்மான் கோபித்து விலகியிருந்தால், அல்லது நிர்வாகம் பிடிவாதம் காட்டியிருந்தால், இதே தொடக்கத்திலிருந்து மிக மோசமான ஒரு கட்டடமும் வந்திருக்கலாம்.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. ஆலயத்தின் உரிமை நிர்வாகத்திடம் இருந்தது. அதைப் பயன்படுத்தியது சபை. அதன் தோற்றத்தின் மீது உரிமை கொண்டாடியது முழு நகரம். இந்த மூன்று தரப்பில் மூன்றாவதின் எடையை எவரும் முன்கூட்டி அளக்கவில்லை. அதே வேளையில், கடிதப் பெருக்கை அப்படியே மக்கள் தீர்ப்பாகக் கொள்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. கடிதம் எழுதியவர்கள் ஆராதனைக்கு வருபவர்கள் அல்லர். மழை ஒழுகும்போது வாளி வைக்க வேண்டியவர்களும் அல்லர்.

அதிலிருந்து எழுவது மூன்றாவது, பராமரிப்பின் பொறுப்பு. நகரத்தின் விருப்பத்துக்காகக் கோபுரம் நிற்க வேண்டும் என்று 1957இல் முடிவானபோதே, அதன் நிரந்தரச் செலவில் நகரத்தின் பங்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் உறுதியாகியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகாமல், ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனியே மானியம் கேட்பதும் நன்கொடை திரட்டுவதும் வழக்கமாயின. புதிய கண்ணாடிச் சுவர்களுக்கும் இதே நிலை: எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எந்தப் பலகத்தை எப்படிக் கழற்றிச் சோதிப்பது என்ற குறிப்பு, கட்டியவரின் கையிலிருந்தே காப்பவரின் கைக்கு வந்திருந்தால் பிற்காலத்து வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஐயர்மான் 1970இல் மறைந்தார். லுவாரின் பட்டறை அவருக்குப் பின்னும் அவர் குடும்பத்தாரால் நடத்தப்பட்டு வந்தது. கண்ணாடி பற்றிய கேள்விக்கு விடை தரக்கூடிய கைகளாவது அங்கே எஞ்சியிருந்தன.